இதில் துண்டு மாமா யார்?

மார்ச் 4

'கொடிக்கயிறு' படக்கதை வரையும் சாருக்கு,

வணக்கம். தகவல் வந்தது காலை பதினொன்று நாற்பதுக்கு. நான் சர்வர் அறையில் இருந்தேன். அங்கே மின்விசிறிகளின் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழாது. மேலாளர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து தோளைத் தொட்டார். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அவர் அந்த அறைக்குள் வரவே மாட்டார். அதனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது. "உன் வீட்டுக்காரம்மா ஆபீஸ்ல மயங்கி விழுந்துட்டாங்களாம். கெளம்பு. நீ ஓட்ட வேணாம், நான் ஓட்டுறேன்" என்றார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இது நடந்தது ஜனவரியில்.

முன்பின் தெரியாத உங்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் துண்டு மாமாவால்தான்.

என் மனைவி ஒரு குழாய் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவாள். "இன்னிக்கு துண்டு மாமா என்ன பண்ணாரு தெரியுமா?" என்பாள். "பெட்ஷீட் பெரியம்மா மறுபடியும் எல்லார் எடத்தையும் அடைச்சுக்கிட்டாங்க" என்பாள். அவர்கள் எல்லாம் அவளுடைய ஆபீஸ் ஆட்கள், அவள் வைத்த பட்டப்பெயர்கள் என்றே நினைத்திருந்தேன். நானும் 'ம்' கொட்டுவேன். சில சமயம் யோசனைகூடச் சொல்வேன்.

காரியமெல்லாம் முடிந்த அன்று அவளுடைய ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். யாரோடாவது பேச வேண்டுமே என்று, "இதுல துண்டு மாமா யாருங்க? உங்களப் பத்தி நெறைய சொல்லுவா" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் கையிலிருந்த துண்டைப் பார்த்துவிட்டு, "என்னையா கேக்குறீங்க?" என்றார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் மைத்துனன் என்னை உள்ளே அழைத்துப் போய்விட்டான்.

போன வாரம் அவளுடைய லேப்டாப்பைத் திறந்தேன். இணைய உலாவி நேராக உங்கள் பக்கத்தில் போய் நின்றது. ஒரு கொடிக்கயிறு. அதில் மீசை வைத்த ஒரு துண்டு, ரெண்டு கிளிப்பில் தொங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் சட்டைக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தது. கீழே 'துண்டு மாமா' என்று எழுதியிருந்தது.

மேலே ஒரு அறிவிப்பும் இருந்தது. இந்த மாதக் கடைசியோடு கொடிக்கயிறு நிற்கிறது, தளமும் மூடப்படும் என்று.

நான் உங்கள் வாசகன் இல்லை. ஒரு படம்கூட ஒழுங்காகப் படித்ததில்லை. ஆனால் அவள் தினமும் பேசிய ஆட்கள் இருக்கும் இடம் அது ஒன்றுதான். தயவு செய்து அழித்துவிடாதீர்கள். சர்வர் பராமரிப்பதுதான் என் தொழில். நீங்கள் சம்மதித்தால் தளத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகியின் கணவன்


மார்ச் 6

தம்பிக்கு,

மொதல்ல ஒரு திருத்தம். நான் சார் இல்லப்பா. சலவைக்கடை கவுண்டர்ல உக்காந்து துணி வாங்கி, ரசீது போட்டு, காலர்ல சீட்டு குத்துற பொம்பள. வயசுல உங்களுக்கு அக்காவா இருப்பேன். எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கோங்க.

உங்க கடுதாசியக் கவுண்டர்லயே படிச்சேன். ஒருத்தர் கோட்டு வாங்க வந்து நின்னாரு. நான் அழுதுக்கிட்டே அவர் கோட்டத் தேடுனதுல மனுஷன் பயந்துட்டாரு. "கிழிச்சுட்டீங்களா?"ன்னு கேட்டாரு. கிழியலன்னு விரிச்சுக் காமிச்சப்புறம்தான் மூச்சு விட்டாரு.

உங்க வீட்டுப் பொண்ணு என் துண்டு மாமாவ சாப்பாட்டு மேஜை வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கு. எனக்கு இதவிட என்ன வேணும் சொல்லுங்க? அந்தப் பொண்ண உயிரோட பாத்து ஒரு வார்த்தை சொல்லக் குடுத்து வெக்கல.

ஏன் நிறுத்துறேன்னு சொல்றேன். யாரும் படிக்கிறதில்ல தம்பி. ஆரம்பத்துல கொஞ்சம் பேர் வந்தாங்க, அப்புறம் பழைய சட்டையில பட்டன் விழுற மாதிரி ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. வெளியூர்ல இருக்கிற என் மகதான் தளத்த அமைச்சுக் குடுத்தா. யார் யார் எப்ப வந்தாங்கன்னு காட்டுற ஒரு பக்கமும் வெச்சுக் குடுத்தா. அதப் பாக்கப் பாக்க மனசு விட்டுப் போச்சு.

ஆனா ஒரே ஒரு ஆள் மட்டும் விடல. மணிக்கு ஒரு தடவ, பகல்ல, ராத்திரியில, மழையில, வெயில்ல, டாண்ணு வந்து கதவத் தட்டிட்டுப் போவாங்க. நான் அவங்களுக்கு மணிக்கூண்டுன்னு பேர் வெச்சிருக்கேன். யாருன்னு மககிட்ட கேக்கல. கேட்டா ஏதாவது சொல்லிக் காரியத்தக் கெடுத்துருவா. இந்தக் குளிர் காலம் முழுக்க நான் வரைஞ்சது அந்த ஒரு ஜீவனுக்காகத்தான். எனக்காக ஒருத்தர் தூங்காம இருக்காங்கன்னு நெனச்சா, இஸ்திரிச் சூட்டுல வெந்த கைகூடப் பென்சில் பிடிக்கும்.

மூடப்போறேன்னு எழுதி வெச்சப்புறமும் மணிக்கூண்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. இப்ப உங்க கடுதாசியும் வந்திருக்கு. ஒருவேள அவசரப்பட்டுட்டேனோன்னு தோணுது. மணிக்கூண்டு வர்ற வரைக்கும் வரைவோம்னு முடிவு பண்ணிட்டேன். அறிவிப்ப நாளைக்கு எடுத்துடறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்க.

சலவைக்கடை அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

அறிவிப்பை எடுத்துவிட்டீர்களா? எடுக்கவில்லை என்றால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேற்றிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழிக்கிறேன். பேசாமல் இருந்துவிட்டால் நீங்கள் வரைவீர்கள், தளம் இருக்கும், நான் கேட்டது கிடைத்துவிடும். ஆனால் நீங்கள் ஒரு ஆள் காத்திருக்கிறார் என்று நம்பி உட்கார்ந்து வரைவீர்கள். அதைத் தெரிந்துகொண்டே என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மணிக்கூண்டு ஆள் இல்லை, அக்கா. அது என் வீட்டுச் செருப்பு அலமாரிக்குக் கீழே இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர்.

போன வருஷம் என் மனைவி வேலையிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, புதுப் படம் வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பாள். வரவில்லை என்றால் முகம் தொங்கிவிடும். "இதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுற? மெஷின் பாத்துச் சொல்லும்" என்று ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். மணிக்கு ஒரு தடவை அது உங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கும். புதுப் படம் இருந்தால் சமையலறை ஜன்னலில் ஒரு பச்சை விளக்கு எரியும். அவள் ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் அணையும். முகவரியை அவள்தான் கொடுத்தாள். காப்பி செய்து ஒட்டினேன். அந்தப் பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று நான் திறந்து பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். பக்கம் மாறியதா, இல்லையா என்பதுதான் எங்களுக்கு வேண்டியது.

அவள் போன பிறகு நீங்கள் போட்ட முதல் படத்துக்கு அந்த விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்த ஆளில்லை. நானும் அழுத்தவில்லை. அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இன்று காலை நிரலை நிறுத்திவிட்டேன். இனிமேல் உங்களைத் தேடி வருவது யாராக இருந்தாலும் அது மனுஷராகத்தான் இருக்கும். மன்னித்துவிடுங்கள்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

உண்மையச் சொன்னதுக்கு நன்றி. சொல்லாம இருந்திருக்கலாம், சொன்னீங்க. அது பெரிய மனசு.

ஆனா எனக்கு அவமானமா இருக்கு. இஸ்திரி போடுறவர்கிட்ட மணிக்கூண்டப் பத்தி எவ்ளோ பெருமையடிச்சிருக்கேன் தெரியுமா? "எனக்கும் ஒரு ரசிகர் இருக்காரு, ஒம்ம மாதிரி மட்டந்தட்டுறவர் இல்ல"ன்னு. இப்ப செருப்பு அலமாரிக்குக் கீழ இருக்குற பெட்டின்னா சொல்லுவேன்?

நேத்து முழுக்க, யார் யார் வந்தாங்கன்னு காட்டுற அந்தப் பக்கத்தத் தெறந்து வெச்சுட்டே உக்காந்திருந்தேன். தெரியும், மணிக்கூண்டு இனிமே வராதுன்னு. இருந்தாலும் உக்காந்திருந்தேன்.

மாசக் கடைசியில மூடறது மூடறதுதான். படமெல்லாம் உங்களுக்கே அனுப்பச் சொல்லி மககிட்ட சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணு ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க. உங்க மேல கோவம் இல்ல. என் மேலயும் இல்ல. யார் மேலன்னு தெரியல.

அக்கா


மார்ச் 16

அக்கா,

உங்கள் மகள் படங்களை அனுப்பிவிட்டார். அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். ஆனால் நான் அதில் படிக்கவில்லை. அவள் எப்படிப் படித்தாளோ அப்படியே, அவளுடைய லேப்டாப்பில், அவளுடைய உலாவியில், உங்கள் தளத்துக்குப் போய் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தேன். 'அடுத்தது' என்ற பொத்தானை அழுத்தி அழுத்தி நேற்றோடு எல்லாவற்றையும் முடித்துவிட்டேன்.

நான் இந்த ரெண்டு மாதமாக மரக்கட்டை மாதிரி இருக்கிறேன். மைத்துனன் சாப்பிடு என்றால் சாப்பிடுவேன், படு என்றால் படுப்பேன். சர்வர் ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி, நான் ஓடுகிறேனா என்று அவன் பார்த்துவிட்டுப் போவான். இந்த வாரம் பெட்ஷீட் பெரியம்மா காற்றில் உப்பிக்கொண்டு, "நான் இன்னும் இளைச்சுத்தான் போயிருக்கேன்" என்று சொல்லும் இடத்தில் எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து மைத்துனன் ஓடி வந்தான். "மாமா, என்னாச்சு?" என்றான். பெரியம்மாவைக் காட்டினேன். அவன் அங்கேயே உட்கார்ந்து எட்டுப் பத்துப் படம் படித்துவிட்டுத்தான் எழுந்தான். இப்போது அவனும் உங்கள் வாசகன். பெட்டி இல்லை, அசல் ஆள். சாப்பாட்டில் கடைசிக் கவளத்தைக்கூட விட்டுவைக்க மாட்டான், அவ்வளவு அசல்.

இன்னொன்று. சுட்டியின் அம்புக்குறி தற்செயலாக ஒரு படத்தின் மேல் நின்றது. மஞ்சள் கட்டத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது: 'கிளிப்புக்கும் காது உண்டு, மெதுவாப் பேசுங்க.' ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் இப்படி ஒன்று ஒளித்து வைத்திருக்கிறீர்களே! அதைப் பார்க்க மறுபடியும் முதலிலிருந்து போனேன். தாண்டித் தாண்டிப் போகிறவனுக்கு அது கிடைக்காது. நின்று பார்க்கிறவளுக்குத்தான் கிடைத்திருக்கும். அவள் ஏன் ஒரு படத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று இப்போதுதான் புரிந்தது.

அக்கா, நீங்கள் மூடினாலும் மூடாவிட்டாலும் இந்த நன்றியை வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் ஆபீஸில் எவ்வளவு சலிப்பு என்பது எனக்குத் தெரியும். அதற்கப்புறமும் அவள் சிரித்த முகத்தோடு சாப்பிட உட்கார்ந்ததில் உங்கள் பங்கு இருக்கிறது. அந்த முகத்தைத்தான் நான் தினமும் பார்த்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும். ஒரு கதையைக் காணவில்லை. துண்டு மாமாவைத் தரைக்கு மாற்றும் கதை. ஒரு நாள் சாப்பிடும்போது அவள், "துண்டு மாமா பாவம்ங்க, கீழ எறக்கப் போறாங்களாம். இத்தனை வருஷம் தோள்ல இருந்தவரு, இனிமே தரையிலதானாம். ராஜினாமா பண்றேங்கிறாரு" என்றாள். மேல் மாடியிலிருந்து கீழ் மாடிக்குப் பதவி இறக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"அவசரப்பட வேணாம்னு சொல்லு. எழுத்துல உத்தரவு வரட்டும். அதுவரைக்கும் மெடிக்கல் லீவு போடச் சொல்லு" என்றேன்.

"காரணம் என்ன போடுறது?"

"முதுகு வலின்னு போடட்டும்."

"அவருக்கு முதுகெலும்பே கெடையாதுங்க."

"அப்படி இருக்கிறதாலதான் இவங்க ஏறி மிதிக்கிறாங்க. நிமிந்து நிக்கச் சொல்லு."

அவள் சட்டென்று எழுந்து குழாயடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. நான் பின்னாலேயே போய், "அழாத. அவருக்கு வேற வேலை கெடைக்கும்" என்று தட்டிக்கொடுத்தேன்.

அந்தப் படத்தை மட்டும் எங்கேயும் காணோம். நீங்கள் எடுத்துவிட்டீர்களா? இருந்தால் அனுப்புங்கள். அதை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

தம்பி


மார்ச் 18

டேய் தம்பி,

'டேய்'ன்னு கூப்பிட்டுட்டேன், தப்பா எடுத்துக்காத. இனிமே மரியாதையெல்லாம் வராது.

அந்தப் படத்த நான் எடுக்கல. நான் அத வரையவே இல்ல.

மககிட்டயும் கேட்டேன், என் பழைய கிறுக்கல் கட்டையும் பொறட்டிப் பாத்துட்டேன். துண்டு மாமாவத் தரை தொடைக்கப் போடுற யோசனையே எனக்கு வந்ததில்ல. வந்திருந்தா விட்டிருப்பேனா? அது எவ்ளோ நல்ல கதை!

புரியுதா உனக்கு? என் கதை தீந்து போன நாள்லயெல்லாம் அந்தப் பொண்ணு தானா ஒண்ணு கட்டியிருக்கு. வாரத்துக்கு ஒரு படம் போடுறவ நான். தெனமும் சொன்னான்னு நீதான எழுதியிருக்க? மிச்ச நாளுக்கெல்லாம் எங்கேந்து வந்துச்சுன்னு நெனச்ச?

நீ அவங்கள ஆபீஸ் ஆளுங்கன்னு நெனச்சுட்டிருந்தது அவளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் உன்ன வெச்சு செஞ்சிருக்கா. குழாயடியில அவ அழவா செஞ்சா? முட்டாப்பயலே, சிரிப்ப அடக்க முடியாம எந்திரிச்சு ஓடியிருக்காடா! ஒரு தொவைக்கிற துணிக்கு மெடிக்கல் லீவு எழுதிக் குடுத்த புருஷன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான். நான் இதப் படிச்சுட்டு கவுண்டர் மேல தலையக் கவுத்துட்டேன். இஸ்திரிக்காரர் ஓடி வந்து தண்ணி தெளிச்சாரு. அவருக்கும் படிச்சுக் காமிச்சேன். "யாரும்மா இந்தப் புள்ள?"ன்னு கண்ணத் தொடச்சாரு. என்ன மட்டந்தட்டுற அதே மனுஷன்.

'ம்' கொட்டினேன்னு எழுதினியே, அது பொய். 'ம்' மட்டும் கொட்டுறவன்கிட்ட யாரும் கதைய நீட்டிக்கிட்டே போக மாட்டாங்க. நீ கேட்ட கேள்வி, குடுத்த யோசனை, அதுக்காகத்தான் அவ கட்டியிருக்கா.

எனக்கு இப்ப ஒரு வரம் வேணும். அந்தக் கதைய நான் வரையட்டுமா? அவ சொன்னபடியே, நீ சொன்ன யோசனையோட. அவ பேர மேல போடணும்னாலும் போடறேன், வேணாம்னாலும் சரி. உன் சம்மதம் இல்லாம பென்சிலத் தொட மாட்டேன். அறிவிப்ப எடுத்துட்டேன். கணக்குக் காட்டுற பக்கத்தையும் மகள விட்டுத் தூக்கச் சொல்லிட்டேன். யார் வந்தா என்ன, வராட்டி என்ன, எனக்கு இப்ப வேல இருக்கு.

இன்னும் இருக்கா தம்பி? அவ சொன்னது வேற ஏதாவது ஞாபகம் வருதா?

உன் அக்கா


மார்ச் 27

அக்கா,

சம்மதம் என்று ஒற்றை வார்த்தையில் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அதற்கு மேல் அப்போது எழுத வரவில்லை.

இன்று காலை படம் வந்துவிட்டது. பார்த்தேன். கொடியில் எல்லாத் துணியும் வேலை நிறுத்தம் செய்ய, துண்டு மாமா தன் நடுவில் கிழிந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு லீவு விண்ணப்பம் எழுதுகிறார். பெட்ஷீட் பெரியம்மா முதல் தடவையாக நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுக்கிறாள். என் மனைவியின் பேரைப் போடாமல் 'கதை: சாப்பாட்டு மேஜை' என்று போட்டிருக்கிறீர்கள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கும். அம்புக்குறியைப் படத்தின் மேல் வைத்தேன். அங்கே எனக்காக என்ன எழுதியிருந்தீர்கள் என்பது நம் இரண்டு பேரோடும் இருக்கட்டும்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அதற்கப்புறம் வந்தது நிற்கவில்லை. ஜனவரியிலிருந்து வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. மைத்துனன் வாசல்வரை வந்துவிட்டு, எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனான். நல்ல பிள்ளை.

நான் ஒழுங்காகக் கேட்கவில்லை, அவள் சொன்னதெல்லாம் போய்விட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு உட்கார்ந்து யோசித்தால் ஒவ்வொன்றாக வருகிறது. இடது சாக்ஸுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை இருக்கிறது. வலது சாக்ஸ் அதே கொடியில் ஜோடியாகத் தொங்குகிறது என்பது தெரியாமல், "சொந்தத்துல வேணாம், பொண்ணு படிச்சிருந்தா வெளியிலேயே பாக்கச் சொல்லு" என்று நான் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். ஜிப் போன பேன்ட் சாமியாராகப் போன கதை இருக்கிறது. அதற்கு நான் சொன்ன யோசனையை எழுதினால் நீங்கள் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவீர்கள். இருந்தாலும் எழுதுவேன். அவள் சொன்ன மாதிரியே, நடுவில் நான் கேட்ட அசட்டுக் கேள்விகளோடு, எதையும் விடாமல் எழுதுவேன். நீங்கள் வரைவதற்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முன்பின் தெரியாத ஆள் எழுதிய கடிதத்துக்குக் கவுண்டரில் உட்கார்ந்து பதில் போட்டீர்களே, அக்கா. அந்தப் பதில் வரவில்லை என்றால், என் மனைவி கடைசிவரை என்னோடு விளையாடிக்கொண்டிருந்தாள் என்பது தெரியாமலே என் காலம் போயிருக்கும். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதைகளாகவே அனுப்பிவிடுகிறேன்.

சாக்ஸ் கதையை இப்போதே தொடங்கப்போகிறேன். அதைச் சொல்லும்போது அவள் குரலை எப்படி மாற்றினாள் என்பது காதில் கேட்கிறது, நடுவில் விட்டால் போய்விடும். ஆபீஸில் இன்று வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மைத்துனனிடம் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டாம், நானே வருவேன் என்றேன். போனை அணைத்துவிட்டேன்.